ஓசையற்ற சாலைகள்: பிரெஞ்சு நாட்டுப்புறமும் சைக்கிள் உலாவும்

பிரெஞ்சு நாட்டின் சாலைப் படம் ஒன்றை விரித்து வைத்து நோக்குவோமாயின், முதலில் நம் கண்ணைக் கவர்வன தடித்த சிவப்புக் கோடுகள். பெருநகரங்களை இணைக்கும் நெடுஞ்சாலைகள் அவை. அவற்றினின்று கிளைத்துச் சந்தை ஊர்களைத் தொடுவன மஞ்சள் கோடுகள். இவ்விரண்டையும் ஒதுக்கிவிட்டால் எஞ்சி நிற்பவை வெண்ணிறக் கோடுகள். இலையின் நரம்புகளைப் போல மெலிந்து, வளைந்து, ஒன்றோடொன்று பின்னிச் செல்லும் இக்கோடுகளை அவசரக்காரர் காணவும் மாட்டார். ஆயினும் சைக்கிளில் நாடு காணப் புறப்படுவோர் விரல் வைத்துத் தேடிப் பிடிப்பது இவ்வெண்கோடுகளையே.

இவை மண் பாதைகள் அல்ல. தார் பூசியவை, வடிகாலும் பாலமும் உடையவை, பிரிவுதோறும் ஊர்ப் பெயரும் தொலைவும் எழுதிய பலகை உடையவை. எனினும் பல இடங்களில் காலைப் பொழுது முழுவதும் மிதித்துச் சென்றாலும், எதிர்ப்படும் மோட்டார் வண்டிகளைக் கைவிரல்களால் எண்ணிவிடலாம். பால் ஏற்றிச் செல்லும் லாரி ஒன்று, தபால்காரரின் மஞ்சள் வண்டி ஒன்று, வயலுக்குத் திரும்பும் டிராக்டர் ஒன்று, அவ்வளவே. பிறகு சக்கரத்தின் மெல்லிய ஓசையும் வேலிப் புதர்களில் பறவைகளின் குரலுமே துணை.

நல்ல சாலை இருக்குமிடத்தில் நெரிசல் இருக்கும். நெரிசல் இல்லாத சாலையில் பள்ளமும் புழுதியும் இருக்கும். இது நாம் எங்கும் காணும் நடைமுறை. பிரெஞ்சு நாட்டுப்புறத்தில் நற்சாலையும் அமைதியும் ஒருங்கே கிடைப்பது எங்ஙனம்? அந்நாட்டின் சாலைகளின் மொத்த நீளம் ஏறத்தாழ 11 லட்சம் கிலோமீட்டர். அதில் மோட்டார் பெருவழிகளும் தேசிய நெடுஞ்சாலைகளும் சேர்ந்து 2 சதவீதம் அளவே ஆகும். எஞ்சிய அனைத்தும் மாவட்டங்களுக்கும் ஊராட்சிகளுக்கும் உரிய சாலைகள். விரைந்து செல்லும் வண்டிகள் பெரும்பாலும் அந்தச் சிறுபங்கில் ஓடுகின்றன. மற்றப் பெரும்பங்கு அமைதியாக இருக்கிறது. இந்நிலை தானாக வந்ததன்று. இதற்குப் பின்னே சட்டம் இருக்கிறது, ஊராரின் வியர்வை இருக்கிறது, ஊரை விட்டுப் போனவர்களின் கதையும் இருக்கிறது.

பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சு மன்னர்கள் சாலைகளில் பெருங்கவனம் செலுத்தினர். 1716இல் பாலங்களுக்கும் சாலைகளுக்குமெனத் தனிப் பொறியாளர் துறை அமைந்தது. 1747இல் அத்துறைக்கெனப் பாரிசில் ஒரு கல்விச்சாலை தோன்றியது. ஆனால் கல் சுமந்தவர் பொறியாளர் அல்லர். 1738 முதல் சாலையோரத்து ஊர்களின் குடியானவர்கள் ஆண்டுதோறும் குறிப்பிட்ட சில நாள்கள் கூலியின்றி உழைக்க வேண்டும் என்பது நாடெங்கும் விதியாயிற்று. நம் பழைய கல்வெட்டுகளில் ‘வெட்டி’ என்று வருகிறதே, அதுவே இது. மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் நமக்கு, ஒரு பிரெஞ்சுச் சொல்லுக்கு இத்தனை பொருத்தமான தமிழ்ச்சொல் அகப்படுவது அரிது. இது அகப்படாமலே இருந்திருக்கலாம் என்றும் தோன்றுகிறது.

லிமோழ் நகரில் அரசப் பிரதிநிதியாக இருந்த துர்கோ என்பார் தம் ஆட்சிப் பகுதியில் இவ்வெட்டி வேலையை நீக்கிக் கூலிக்கு ஆள் வைத்துச் சாலை போடச் செய்தார். அவரிடம் பொறியாளராயிருந்த த்ரெசாகே, கற்களை அடுக்கடுக்காகப் பரப்பி உறுதியான சாலை அமைக்கும் முறையை வகுத்தார். துர்கோ அமைச்சரானதும் 1776இல் நாடு முழுவதும் வெட்டியை ஒழிக்க ஆணையிட்டார். அவர் பதவி இழந்த அதே ஆண்டில் அது மீண்டும் உயிர்பெற்றது. 1787க்குப் பின்னரே அதற்குப் பதிலாகப் பணவரி வந்தது.

அவ்வாண்டு முதல் 1789 வரை பிரான்சில் சுற்றுப்பயணம் செய்த ஆர்தர் யங் என்ற ஆங்கில வேளாண் அறிஞர், அந்நாட்டுப் பெருஞ்சாலைகளின் சிறப்பைப் போற்றினார்; கூடவே, அவற்றில் வண்டிகளே காணப்படவில்லையே என்று வியந்தும் எழுதினார். பிரெஞ்சுச் சாலைகளின் வெறுமையைக் குறித்த பழைய சான்றுகளுள் இதுவும் ஒன்று. அக்காலத்து வெறுமைக்குக் காரணம் வேறு. அரசச் சாலைகள் தபாலுக்கும் படைக்குமாக நேர்க்கோட்டில் இடப்பட்டவை. சிற்றூரிலிருந்து அச்சாலைவரை வந்து சேரவே வழியில்லை. மழைக்காலத்தில் வண்டியின் அச்சுவரை சேற்றில் புதையும்.

இக்குறையைத் தீர்த்தது 1836ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் நிறைவேறிய ஊர்ச்சாலைச் சட்டம். போர்களைப் பற்றியும் புரட்சிகளைப் பற்றியும் பேசும் வரலாற்று நூல்கள் இதை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. எனினும் இன்று நாட்டுப்புறத்தில் சைக்கிள் மிதிக்கும் ஒவ்வொருவரும் இச்சட்டத்தின் மீதுதான் ஓடுகிறார் என்று சொன்னால் மிகையாகாது. ஒவ்வோர் ஊராட்சியும் தன் சாலைகளைப் பேணியே ஆகவேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தியது. வருவாய் போதாத ஊர், குடும்பத்தலைவர் ஒவ்வொருவரிடமும் ஆண்டுக்கு மூன்று நாள் உழைப்பைக் கேட்கலாம். வீட்டில் உள்ள 18 வயது முதல் 60 வயதுக்கு உட்பட்ட உடல்வலிமையுள்ள ஆடவர் அனைவரும், வேலையாள்களும், வண்டியும், இழுக்கும் விலங்கும் இக்கணக்கில் அடங்கும். விரும்பாதவர் பணமாகச் செலுத்தலாம்.

இதுவும் பழைய வெட்டியன்றோ என்று கேட்கத் தோன்றும். அக்காலத்திலேயே அவ்வாறு கேட்டவர் உண்டு. ஆனால் ஒரு வேறுபாடு இருந்தது. முன்பு குடியானவன் மன்னரின் தபால் வண்டிக்காகக் கல் உடைத்தான். இப்போது தன் தானியம் சந்தைக்குப் போகவும், தன் பிள்ளை பள்ளிக்கூடம் போகவும் உடைத்தான். ஆண்டுகள் சில கடந்தபின், கூப்பிடாமலே வந்த ஊர்களும் இருந்திருக்கும் என்று நாம் நம்பலாம். மேற்பார்வைக்குத் தனி அதிகாரிகள் நியமிக்கப்பட்டனர். குறிப்பிட்ட தொலைவுச் சாலையைப் பேணும் பொறுப்பு, சாலைக்காவலர் எனத்தக்க ஊழியரிடம் விடப்பட்டது. மண்வெட்டியும் கைவண்டியும் கொண்டு, பள்ளம் நிரப்பி, வடிகால் தூர்வாரி, ஓரப்புல்லை வெட்டி அவர் நாள் கழிப்பார். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் நாட்டுப்புறம் முழுவதும் உறுதியான வலைப்பின்னலாகிவிட்டது.

வலை முடிந்த தறுவாயில் சைக்கிள் வந்து சேர்ந்தது. 1860களில் பாரிசில் மிஷோ குடும்பத்தார் செய்து விற்ற மிதிவண்டி, எலும்பை உலுக்கும் இரும்பு வண்டி. 1888இல் டன்லப்பின் காற்றுச்சக்கரம் வந்த பிறகே நெடுந்தொலைவு செல்லும் ஆசை பிறந்தது. 1890இல் ‘தூரிங் கிளப் த பிரான்ஸ்’ என்னும் சங்கத்தைச் சைக்கிள் பிரியர்கள் சிலர் நிறுவினர். சாலையோரங்களில் வழிகாட்டிப் பலகை நட்டதும், விடுதி அறைகள் தூய்மையாக இருக்க வேண்டுமென்று போராடியதும் இச்சங்கமே. 1983இல் அது கலைந்துபோயிற்று. பலகைகளின் பழக்கம் நிலைத்துவிட்டது. 1891இல் நடந்த முதல் பாரிஸ்–ப்ரெஸ்த்–பாரிஸ் போட்டியில், மிஷலேன் நிறுவனத்தாரின் கழற்றி மாட்டும் சக்கர டயருடன் ஓடிய ஷார்ல் தெரோன் என்பவர் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டரை 71 மணி 22 நிமிடத்தில் முடித்தார். அதே நிறுவனம் 1910 முதல், இரண்டு லட்சத்தில் ஒரு பங்கு அளவில் நாடு முழுவதற்கும் சாலைப் படங்களை வெளியிடத் தொடங்கியது. நாம் மேலே விரித்து வைத்த படம் அக்குடும்பத்தைச் சேர்ந்ததே.

போட்டிக்காரர்களைப் பற்றி எழுதியவர் பலர். நாம் சொல்ல வந்தது போட்டிக்கு எதிர்த்திசையில் மிதித்த ஒருவரைப் பற்றி. அவர் பெயர் போல் த விவி. ‘வெலோசியோ’ என்ற புனைபெயரால் அறியப்பட்டவர். 1853இல் தென்பிரான்சில் பெர்ன் என்னும் ஊரில் பிறந்தார். சேந்த் எத்தியேன் நகரில் பட்டு வாணிகம் செய்தார். துப்பாக்கியும் சைக்கிளும் செய்வதற்குப் பெயர்போன நிலக்கரி நகரம் அது. நல்ல வருவாய் தந்த பட்டை விட்டுவிட்டு, சைக்கிள் கடை வைத்தார். 1887இல் சைக்கிளுக்கென ஓர் இதழும் தொடங்கினார். புலால் உண்ணாதவர், எஸ்பெராந்தோ மொழியில் ஆர்வம் கொண்டவர், இலத்தீன் இலக்கியம் பயின்றவர். இரவு முழுவதும் மிதித்து, விடியற்காலையில் மலைக்கு அப்பால் தென்னாட்டின் ஒலிவ மரங்களிடையே சென்று இறங்குவது அவருக்கு விளையாட்டு.

பசிக்குமுன் உண்க, தாகத்திற்குமுன் பருகுக, பிறர் காண வேண்டுமென்று மிதியாதே என்னும் கருத்துப்படத் தம் மாணாக்கர்க்கு அவர் சில நெறிகளை வகுத்துத் தந்தார். இவற்றுள் கடைசி நெறிதான் அவர் வாழ்க்கையின் சாரம் என்று நமக்குப் படுகிறது. இவ்வகைப் பயணத்தைப் பிரெஞ்சுக்காரர் ‘சிக்ளோதூரிஸ்ம்’ என்பர். தமிழில் இதைச் ‘சைக்கிள் உலா’ எனலாம். ஒரு தயக்கத்தோடுதான் சொல்கிறோம். நம் உலா இலக்கியத்தில் தலைவன் வீதியில் வருவது பிறர் அவனைக் காண்பதற்காக. வெலோசியோவின் உலாவிலோ காண்பவன் உலா வருபவனே.

மலையேற்றத்துக்கு உதவும் கியர் மாற்றத்துக்காக அவர் வாதாடிய வரலாறு சுவையானது. அக்காலச் சைக்கிளுக்கு ஒரே கியர்தான். சமவெளிக்கு ஏற்றதாயின் மலையில் இறங்கித் தள்ள வேண்டும். இரட்டைச் சங்கிலி, பல அளவுப் பல்சக்கரங்கள் என அவர் ஆய்ந்துகொண்டே இருந்தார். 1902இல் தூரிங் கிளப், பிரெனே மலையில் 2,115 மீட்டர் உயரமுள்ள தூர்மாலே கணவாயில் சைக்கிள் சோதனை ஒன்றை நடத்தியது. மார்த் எஸ் என்ற பெண்மணி, மூன்று கியர் சைக்கிளில், காலைத் தரையில் ஊன்றாமலே அக்கணவாயை ஏறிக் காட்டினார். அடுத்த ஆண்டு ‘தூர் த பிரான்ஸ்’ போட்டியைத் தொடங்கவிருந்த பத்திரிகையாசிரியர் ஆன்ரி தெக்ராஞ்ச் இதை ஏற்கவில்லை. கியர் மாற்றம் நாற்பத்தைந்தைக் கடந்தவர்க்கே ஏற்றது, இளைஞர் தசைவலியால் வெல்லட்டும் என்ற பொருளில் எழுதினார். அப்போட்டியில் சங்கிலி மாற்றும் கியருக்கு 1937இல்தான் இடம் கிடைத்தது. அதற்குள் மெதுவாகச் செல்வோர் பல்லாண்டுகளாக அதைப் பயன்படுத்தி மலைகளைக் கண்டு மகிழ்ந்துவிட்டனர். விரைவோர் மெல்லச் செல்வோரிடம் கற்றுக்கொண்ட அரிய நிகழ்ச்சிகளுள் இது ஒன்று.

வெலோசியோ 1930இல், நகரத் தெருவில் சைக்கிளைத் தள்ளிச் செல்லும்போது டிராம் மோதி இறந்தார். வாழ்நாளெல்லாம் வெற்றுச் சாலைகளில் திரிந்தவரை நகர நெரிசல் கொண்டுசென்றது. சேந்த் எத்தியேனுக்குத் தெற்கே 1,161 மீட்டர் உயரமுள்ள ரெப்யுப்லிக் கணவாயில் அவருக்கு நினைவுச்சின்னம் உண்டு. அவர் உயிரோடிருந்த 1922இலேயே தொடங்கிய மலையேற்ற நாள் அவர் பெயரால் வழங்குகிறது.

இவ்வுலா நெடுங்காலம் ஓய்வும் வசதியும் உள்ளவர்க்கே கிட்டியது. 1936 ஜூனில் மக்கள் முன்னணி அரசாங்கம் தொழிலாளர்க்கு ஆண்டுக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுமுறை அளித்துச் சட்டம் இயற்றியது. அவ்வாண்டுக் கோடையில், கடலையே கண்டிராத ஆலைத் தொழிலாளர் பலர் இருவர் மிதிக்கும் சைக்கிளில் கூடாரம் கட்டிக்கொண்டு புறப்பட்டனர். 1930 முதல் தோன்றிய இளைஞர் விடுதிகள் அவர்களுக்குக் குறைந்த செலவில் இடம் தந்தன. நான்காண்டுகளுக்குள் போர் வந்தது. ஜெர்மானியர் பிடியில் பெட்ரோல் மறைந்தபோது, நாட்டின் சாலைகளெல்லாம் மீண்டும் சைக்கிளுக்கே உரியவாயின. 1941 கோடையில் எழுத்தாளர்களான சார்த்தரும் சிமோன் த பொவ்வாரும் சைக்கிளில் எல்லைக்கோட்டைக் கடந்து, எதிர்ப்பியக்கத்துக்கு ஆதரவு தேடித் தெற்கே திரிந்தனர். அந்த அமைதியை யாரும் விரும்பி ஏற்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

போருக்குப்பின் மோட்டார் வந்தது; எல்லாம் மாறியது. பாரிஸ், லியோன், மார்சேய் நகரங்களை இணைக்கும் பெருவழி 1970இல் முழுமை பெற்றது. கட்டணம் செலுத்தி விரைவோர் அதிலேறிக்கொண்டனர். தேசியச் சாலைகளாயிருந்தவற்றுள் 50,000 கிலோமீட்டருக்கு மேல் 1972 முதல் மாவட்டங்களிடம் ஒப்படைக்கப்பட்டன; 2006இல் மேலும் ஏறத்தாழ 18,000 கிலோமீட்டர். சாலையோரக் கிலோமீட்டர்க் கற்களின் சிவப்புத் தலை மஞ்சளாக மாறியது. பெருவழிகள் நாட்டின் போக்குவரத்தை உறிஞ்சிக்கொண்டமையால் கிளைச் சாலைகள் ஓய்ந்தன. இது அமைதிக்கான முதற்காரணம்.

இரண்டாம் காரணம் அத்துணை இனிமையானதன்று. நாட்டின் நடுவே, லிமோழ் நகருக்குக் கிழக்கே, க்ரூஸ் என்றொரு மாவட்டம் உண்டு. கருங்கல் வீடுகள், புல்வெளிகள், பீச் மரக்காடுகள், மேடும் பள்ளமுமான குறுஞ்சாலைகள். சைக்கிள் பிரியர்க்கு இது சொர்க்கம். 1851இல் இங்கே 2,87,000 பேர் வாழ்ந்தனர். இன்று வாழ்பவர் ஏறத்தாழ 1,15,000 பேரே.

க்ரூஸ் மண் ஏழை மண். எனவே அதன் ஆடவர் கொத்துவேலை கற்று, வசந்தகாலத் தொடக்கத்தில் கூட்டங்கூட்டமாகப் பாரிசுக்கு நடந்து செல்வர். குளிர்காலத்துக்கு வீடு திரும்புவர். 1815இல் பிறந்த மார்த்தேன் நதோ என்பவர் பதினான்கு வயதில் தந்தையோடு அவ்வாறு நடந்து சென்றார். கொத்தர் வேலையிலிருந்து உயர்ந்து சட்டமன்ற உறுப்பினரானார். 1851இன் ஆட்சிக்கவிழ்ப்பால் நாடுகடத்தப்பட்டு இங்கிலாந்தில் வாழ்ந்தார். முதுமையில், 1895இல், தம் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். ஓஸ்மான் புதுப்பித்த பாரிசின் மாளிகைகளை எழுப்பிய கைகளுள் க்ரூஸ் கொத்தரின் கைகள் ஏராளம். நடந்து போன காலத்தில் திரும்பி வந்தவர்கள், ரயில் வந்தபின் குடும்பத்தையும் அழைத்துக்கொண்டு அங்கேயே தங்கலாயினர். வேலை தேடி வெளி மாநிலம் வந்து, கோடை விடுமுறைக்கு ஊர் போவதாய்ச் சொல்லிச் சொல்லி இங்கேயே பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்துவிட்ட நமக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

அடுத்து 1914இன் பெரும்போர். பிரெஞ்சுப் படையில் மாண்டவர் 13 லட்சத்துக்கு மேல். மிகச் சிறிய ஊரிலும் ஒரு கல்தூண் நின்று அவர்தம் பெயர்களைச் சொல்லும். இளைப்பாறச் சைக்கிளைச் சாய்த்து வைக்கும் பயணி, இவ்வளவு சிறிய ஊரிலிருந்தா இத்தனை பேர் என்று திகைப்பதுண்டு. ஒரே குடும்பப் பெயர் மூன்று முறை, நான்கு முறை வரும். 1931ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் நகர்வாழ் மக்கள் நாட்டுப்புற மக்களை முதன்முறையாக மிஞ்சினர்.

ஆகவே அச்சாலைகளின் அமைதியில் பாதி, பிரிவின் அமைதி. பள்ளிக்கூடம் என்று நெற்றியில் செதுக்கிய கட்டடம் வீடாகிவிட்டது. ரொட்டிக்கடை பூட்டிக் கிடக்கிறது. இருந்தாலும் பல ஊர்களில் திங்கட்கிழமை திறவாது. குடிநீர் எங்கே கிடைக்கும் என்பதற்கு அனுபவசாலிகள் சொல்லும் விடை விந்தையானது: இடுகாட்டுக்குப் போ என்பர். கல்லறை மலர்ச்செடிகளுக்கு நீரூற்ற அங்கே குழாய் ஒன்று இருக்கும். வாழ்பவர் குறைந்த ஊரில் வழிப்போக்கனுக்கு நீர் தருபவர் மாண்டவர்.

ஊர் குறைந்தாலும் சாலையைப் பேணும் கடமை குறையவில்லை. ஏறத்தாழ 35,000 ஊராட்சிகள் கொண்ட நாடு அது. சில நூறு பேரே வாழும் ஊராட்சிக்கும் பல கிலோமீட்டர் சாலை பொறுப்பு. மூன்று நாள் உழைப்புத் தந்த குடிகள் இல்லை. வரி தருவோரும் சிலரே. சாலைகள் பழுதாகாதிருப்பது இனி எத்தனை காலம் என்ற கவலை அந்நாட்டு ஊர்த்தலைவர்களுக்கு உண்டு. வேகமும் ஒரு கவலை. வெறுமையான சாலை ஓட்டுநரை விரைந்து போகத் தூண்டும். நடுத்தடுப்பு இல்லாத இருவழிச் சாலைகளில் மணிக்கு 90 கிலோமீட்டராயிருந்த உச்சவேகத்தை 2018 ஜூலையில் அரசாங்கம் 80 ஆகக் குறைத்தது. நாட்டுப்புறத்தார் சினந்தனர், மருத்துவரும் கடையும் தொலைவில் இருப்பவர்க்கு அச்சினம் நியாயமானதே. 2019 இறுதியில் வந்த சட்டம் மீண்டும் 90க்கு உயர்த்தும் உரிமையை மாவட்டங்களுக்கு அளித்தது. பல மாவட்டங்கள் தம் சாலைகள் சிலவற்றில் அதைப் பயன்படுத்தின. ஊருக்கு வெளியே சைக்கிளை முந்தும் வண்டி ஒன்றரை மீட்டர் விலகிச் செல்ல வேண்டும் என்ற விதி மட்டும் மாறவில்லை.

இதற்கிடையே பழைய ரயில் பாதைகள் புது வாழ்வு பெற்றன. 1879இல் அமைச்சர் ஃப்ரெய்சினே வகுத்த திட்டத்தின்படி நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் கிளை ரயில்கள் போயின. இருபதாம் நூற்றாண்டில் அவற்றுள் பல மூடப்பட்டன. தண்டவாளம் பெயர்த்த பாதையில், 1997இல், பர்கண்டியில் ஜிவ்ரிக்கும் க்ளூனிக்கும் இடையே மோட்டார் நுழையாத ‘பசும்பாதை’ திறக்கப்பட்டது. அதன்பின் லுவார் ஆற்றங்கரை, கால்வாய்க் கரைகள், அட்லாண்டிக் கடலோரம் எனப் பல பாதைகள் எழுந்தன. குழந்தைகளோடு செல்வோர்க்கு இவை பேருதவி. எனினும் மூத்த உலாவினர் பலர் வெண்கோடுகளையே நாடுகின்றனர். பசும்பாதை ஊர்களைச் சுற்றிக்கொண்டு போகும், ஊர்ச்சாலையோ ஊருக்குள் போகும் என்பது அவர்கள் வாதம். நாமும் அவர்கள் கட்சியே.

அவ்வூர்கள் விழித்தெழும் காலமும் ஒன்றுண்டு. 1891இல் தெரோன் ஓடிய பாரிஸ்–ப்ரெஸ்த்–பாரிஸ், இப்போது பரிசில்லாத பயணமாக நான்காண்டுக்கு ஒருமுறை நடைபெறுகிறது. 1,200 கிலோமீட்டரை 90 மணிக்குள் முடிப்பதே குறிக்கோள். வழியோ பெரும்பாலும் மாவட்டச் சிறுசாலைகள். தில்லி, மும்பை, சென்னை முதலிய நகரங்களில் 200, 300, 400, 600 கிலோமீட்டர்த் தகுதிப் பயணங்களை முடித்த இந்தியர் 2019இலும் 2023இலும் நூற்றுக்கணக்கில் சென்று கலந்துகொண்டனர். ஏறத்தாழ மூவாயிரம் பேர் வாழும் வில்லேன் லா ஜுவெல் என்ற ஊர் அந்நாள்களில் திருவிழாக் கோலம் பூணும். பள்ளிச் சிறுவர் பயணிகளின் உணவுத் தட்டைச் சுமந்து வருவர். அதனினும் சிறிய ஊர்களில், நள்ளிரவிலும் வீட்டு வாசலில் மேசை போட்டு, விளக்கேற்றி, தண்ணீரும் காப்பியும் மாப்பணியாரமும் வைத்துக்கொண்டு முதியோர் காத்திருப்பர். காசு கொடுத்தால் சிலர் வாங்குவதில்லை. ஊர் போய்ச் சேர்ந்ததும் ஒரு தபால் அட்டை எழுதுங்கள் என்பர்.